வேலையை விடாமல் இணையவழியில் எம்.பி.ஏ.: எந்தப் பல்கலைக்கழகத்தை நம்பலாம்?

வேலையை விடாமல் இணையவழியில் எம்.பி.ஏ. படிக்க எங்கே சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விளம்பரங்களை ஒதுக்கிவிட்டு, யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியக இணையதளத்தில், நீங்கள் சேரவிருக்கும் பருவத்துக்கான அனுமதிப் பட்டியலில் அந்தப் படிப்பே இடம்பெற்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. முறையான அங்கீகாரத்துடன் பெறும் இணையவழிப் பட்டம் நேரடி வகுப்பில் பெறும் பட்டத்துக்கு இணையானது என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆனால் பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் ஆகிய பட்டங்களை இணையவழியில் நடத்த அனுமதியே கிடையாது. "இன்றே கட்டினால் சலுகை" என்று இடைத்தரகர் எவ்வளவு நெருக்கினாலும், கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே செலுத்தி, ரசீதில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதையும் தயவுசெய்து பார்த்துவிடுங்கள்.