பழைய பீங்கான் பாத்டப்பை மினுமினுப்பு போகாமல் சுத்தம் செய்வது எப்படி?

முதலில் ஒரு காந்தத்தை டப்பின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே இருக்கும் வெள்ளை, பெயின்ட் இல்லை. சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கிப் பிடிக்கவைத்த கண்ணாடி. பீங்கான் என்றும் எனாமல் என்றும் சொல்வது இதைத்தான். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் அக்ரிலிக், இன்னும் சீக்கிரம் கீறல் விழும்.

நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கிளென்வுட் பக்கம் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். குடிவந்த வாரம், குழாய்க்கு நேர் கீழே இருந்த துருக்கறை கண்ணை உறுத்தியது. டாய்லெட்டுக்கு ஊற்றும் ஆசிட்டை ஊற்றி அரை மணி நேரம் விட்டேன். கறை போனது, கூடவே உள்ளங்கை அகலத்துக்கு மினுமினுப்பும் போனது. இன்றைக்கும் அந்த இடத்தில் விரல் வைத்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரக்கிறது. அழுக்கு முதலில் பிடிப்பதும் அங்கேதான். போன பளபளப்பு எதைத் தேய்த்தாலும் திரும்பி வராது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி காவடி சமயத்தில் விளக்கையெல்லாம் புளி போட்டுத் துலக்குவார். டப்புக்கும் அதையே போடச் சொன்னார். பித்தளைக்குப் புளி சரி. பழைய எனாமலுக்குப் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவுமே வேண்டாம். கம்பி நாரும் கூடாது. கீறுவதோடு இரும்புத் துணுக்குகளை விட்டுப்போய் அவையும் துருப்பிடிக்கும்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான்: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு, பழைய பனியன் துணி. ஓரத்தில் வளையமாகப் படிந்திருப்பது சோப்பும் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் சேர்ந்த படிவு. அதன்மேல் ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் வந்துவிடும். சோடா கண்ணாடியைவிட மெத்து, அதனால் கீறாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில், தண்ணீர் விடுவதற்கு முன்பே லிக்விடைத் துணியில் ஊற்றி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள்.

டர்பன்காரர்கள் மணலைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் பீச்சில் ஆடிவிட்டு நேராக டப்பில் வந்து நிற்கும். மணல் எனாமலைவிடக் கெட்டி. தண்ணீர் அடித்து மணலை முழுக்க வெளியேற்றாமல் துணியே வைக்காதீர்கள். நம்மைப்போல் டப்புக்குள் வாளி வைத்து மொண்டு குளிப்பவர்கள் வாளியின் அடியையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்கள் டப்பில் இருக்கும் அரைவட்டக் கீறல்கள் அப்படி வந்தவைதான்.

துருக்கறைக்கு ப்ளீச் ஊற்றாதீர்கள், அது துருவை எடுக்காது. ப்ளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கறை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் குழாய் இரவெல்லாம் சொட்டியது. வாஷரை மாற்றினேன். மிச்சமிருந்த மஞ்சள் கோடு சோடாப் பூச்சில் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது, புதிதாகக் கறை வரவில்லை.