சுகரும் காலேஜும்: அக்காவிடம் கேளுங்க

டைப் 1 சர்க்கரையோடு (உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி போட வேண்டிய சர்க்கரை நோய்) படிக்கும் வடசென்னைப் பிள்ளைகளின் கேள்விகள். பதில் சொல்பவர் அதே சர்க்கரையோடு கல்லூரி முடித்து, இப்போது தண்டையார்பேட்டையில் செவிலியராக இருப்பவர்.

வியாசர்பாடி, முதலாமாண்டு: அக்கா, ஆஸ்பத்திரியில குடுத்த இன்சுலினுக்கு மெடிக்கல் ஷாப்ல புது சிரிஞ்சு வாங்கினேன். அதுலேர்ந்து சுகர் 300-க்குக் கீழ இறங்கல. டோஸ் ஏத்தலாமா?

நீயா ஏத்தாதே தம்பி. முதல்ல சிரிஞ்சு மூடி என்ன கலர்னு பாரு. நம்ம ஊர்ல பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் 40 ஐ.யூ., அதாவது ஒரு மி.லி.யில 40 யூனிட். அதுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி 100 ஐ.யூ. மருந்துக்கு. 40 பாட்டில்லேர்ந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள போறது 8 யூனிட்தான். தலைகீழா, 100 பாட்டில்லேர்ந்து சிவப்பு மூடி சிரிஞ்சுல இழுத்தா ரெண்டரை மடங்கு ஏறிடும், உயிருக்கே ஆபத்து. பாட்டில்லயும் சிரிஞ்சுலயும் ஒரே நம்பர் இருக்கணும். அது சரியா இருந்தும் 300 நிக்குதுன்னா இன்னிக்கே டாக்டரைப் பாரு. வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறதுன்னு ஏதாவது வந்தா நேரா எமர்ஜென்சிக்குப் போ.

திருவொற்றியூர் மாணவி: காலையில ஊசி போட்டுட்டு மெட்ரோ பிடிக்க ஓடுறேன். கேன்டீன்ல சாப்பிட ஒன்பதரை ஆகுது. வழியிலேயே கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது.

அது லோ சுகர்ம்மா. ஆஸ்பத்திரியில தர்ற சாதா இன்சுலின் போட்டா அரை மணியில சாப்பிட்டாகணும். வீட்டுல நாலு இட்லி சாப்பிட்டுக் கிளம்பு. முடியலையா, டாக்டர்கிட்ட கேட்டு ஊசியைக் காலேஜுக்கு மாத்திக்கோ. நடுக்கம் வந்தா செக் பண்ணு. 70-க்குக் கீழன்னா மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணியில கரைச்சுக் குடி. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி செக் பண்ணு, ஏறலேன்னா இன்னொரு தடவை குடி. மீட்டர் கையில இல்லேன்னா காத்திருக்காதே, குடிச்சுடு. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதமாக்கும்.

காசிமேடு: வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல. இன்சுலினை எப்படி வெச்சுக்கிறது?

பெரிய மண்சட்டியில ஈர மணல் போட்டு, அதுக்குள்ள சின்னப் பானை வை. பாட்டிலை மூடி போட்ட டப்பாவுல வெச்சு அந்தப் பானைக்குள்ள இறக்கு. மணல் காயவே கூடாது. ஐஸ் மேல நேரா வைக்காதே, உறைஞ்சா மருந்து வீண். வெயில்ல பைக் பெட்டிக்குள்ள வெச்சாலும் மருந்து வீண்தான்.

ராயபுரம்: ஃபிரெண்ட்ஸோட பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிடலாமா?

சாப்பிடு. ஆனா அது மைதா நூடுல்ஸ், ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கு. அன்னிக்கு ராத்திரி டிபனுக்குப் பதிலா வெச்சுக்கோ, கூட முட்டை சேர்த்துக்கோ.

வண்ணாரப்பேட்டை மாணவி: அம்மா யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்றாங்க, கல்யாணம் கெட்டுடும்னு. பாத்ரூம்ல ஒளிஞ்சு ஊசி போடுறேன். சில நாள் போடுறதே இல்ல.

கண்ணு, இதைப் படிச்சதும் மனசு தாங்கல. டைப் 1-ல ஊசி விட்டா ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறி ஐ.சி.யூ. வரைக்கும் கொண்டு போயிடும். அம்மா பயம் எனக்குப் புரியுது, ஆனா உன் உயிருக்கு அப்புறம்தான் கல்யாணம். ஊர் முழுக்கச் சொல்ல வேணாம். ஒரு தோழிகிட்டயும் ஒரு மேடம்கிட்டயும் சொல்லு. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாம, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108-க்குக் கூப்பிடணும்னு தோழிக்குக் கத்துக்குடு. பரீட்சை ஹாலுக்கு மீட்டரும் குளுக்கோஸும் எடுத்துட்டுப் போக, டாக்டர் கடிதத்தோட பிரின்சிபாலுக்கு முன்கூட்டியே எழுதிக் குடு. சி.பி.எஸ்.இ. 2017-லேயே டைப் 1 பிள்ளைங்க பரீட்சைக்குத் தின்பண்டம் கொண்டு போக அனுமதிச்சுடுச்சு, அதையும் அந்தக் கடிதத்துல எழுது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில சர்க்கரை நோய்ப் பிரிவு இருக்கு. காலையில ஓ.பி.க்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போ, டாக்டர் வாயால கேக்கட்டும்.