24 நிமிடத்தில் நிற்கும் கடிகாரம்: டைம் ட்ரயல் ஓட்டுபவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

டைம் ட்ரயல் என்பது கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்டும் சைக்கிள் போட்டி. அதில் ஓட்டிகள் பெரும்பாலும் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்படுவார்கள். முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிப்பது விதிக்குப் புறம்பு. கோப்பையை நினைத்தல்லாமல் தம்முடைய பழைய நேரத்தை முறியடிப்பதற்காகவே ஓட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் 10 மைல், அதாவது 16.1 கிலோமீட்டர் தூரத்தைப் பற்றியவை என்பதால் கணக்குகளையும் அதற்கே போட்டிருக்கிறேன்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக 10 மைலில் 24 நிமிடத்தைச் சுற்றியே நிற்கிறேன். கால் கொடுக்கும் வலுவை அளக்கும் பவர் மீட்டர் சராசரியாக 250 வாட் காட்டுகிறது. 23 நிமிடத்துக்குள் வர இன்னும் எத்தனை வாட் வேண்டும்?

பதில்: நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, சாலை சமதளம், காற்று இல்லை என்று வைத்துக்கொள்வோம். 250 வாட்டுக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அது 24 நிமிடம் 8 விநாடி. 23 நிமிடத்துக்குள் வர 42 கிலோமீட்டர் வேகம் தேவை. இரண்டே கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் காற்றுத் தடையை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் படியில் ஏறுவதால், அந்த இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் 35 வாட் கேட்கும். பல ஆண்டுகள் ஒழுங்காகப் பயிற்சி செய்தவருக்கு 35 வாட் கூடுவது ஒரு பருவத்தில் நடக்கும் காரியமல்ல.

இப்போது கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். உங்கள் 250 வாட்டில் 200-க்கும் மேல் காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. உங்கள் உடலும் சைக்கிளும் காற்றுக்குக் காட்டும் தடைப் பரப்பை, ஓட்டிகள் வழக்கில் சொன்னால் சிடிஏவை, 0.25 சதுர மீட்டரிலிருந்து 0.23-க்குக் கொண்டுவந்துவிட்டால், காலில் ஒரு வாட் கூடாமலேயே நேரம் 23 நிமிடம் 32 விநாடிக்கு இறங்கும். ஆகவே 35 வாட்டைத் தேடிப் போவதற்கு முன், ஒரு கண்ணாடியின் முன் சைக்கிளை நிறுத்தி, முன்கைகளை நீட்டி ஊன்றிக்கொள்ளும் கைப்பிடியான ஏரோ பாரில் படுத்து, உங்கள் தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்களின் தலை தோளுக்கு மேலே கொடிக்கம்பம்போல் நிற்கும். தோள்களைக் காதுப் பக்கம் சற்றே உயர்த்தி, தலையை அவற்றுக்கு நடுவே ஆமையைப்போல் இழுத்துக்கொள்வதற்குக் காசு செலவில்லை. சாலை கண்ணில் படாத அளவுக்கு மட்டும் தாழ்த்திவிடாதீர்கள். நின்றுகொண்டிருந்த வாகனத்தின் பின்புறத்தில் மோதியவர்கள் இந்த விளையாட்டில் உண்டு.

கேள்வி: விசிறியால் காற்றை வீசித் தடையை அளக்கும் காற்றுச் சுரங்கத்துக்குப் போக வசதியில்லாதவர், தம் சிடிஏ குறைந்ததா இல்லையா என்று எப்படி அறிவது?

பதில்: பவர் மீட்டரும் வேக உணரியும் இருந்தால் போதும். வாகன நடமாட்டமில்லாத, பிரேக் பிடிக்கத் தேவையில்லாத ஒரு சுற்றுப் பாதையை, காற்று எழும்பாத விடியற்காலையில் தேர்ந்துகொள்ளுங்கள். ராபர்ட் சங் என்பவர் வகுத்த முறையில், வேகத்தையும் வாட்டையும் வைத்துப் பாதையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு வரைவார்கள். ஒவ்வொரு சுற்றும் தொடங்கிய உயரத்திலேயே முடியவேண்டும் என்பதால், கோடு சமமாக வரும்வரை சிடிஏ எண்ணை மாற்றிப் பார்த்தால் உண்மையான மதிப்பு பிடிபட்டுவிடும். இதற்கான இலவச மென்பொருள்கள் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பழைய நிலையில் மூன்று சுற்று, புதிய நிலையில் மூன்று சுற்று, மீண்டும் பழைய நிலையில் மூன்று சுற்று என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பழைய நிலைக்குத் திரும்பும்போது பழைய எண்ணும் திரும்பி வரவில்லையென்றால், நீங்கள் அளந்தது உங்கள் உடலையல்ல, எழும்பத் தொடங்கிய காற்றை.

சிடிஏ குறைந்தால் மட்டும் போதும் என்பதும் இல்லை. ஒருமுறை நான் ஏரோ பாரை ஒரே மூச்சில் 3 சென்டிமீட்டர் இறக்கினேன். புகைப்படத்தில் தொழில்முறை ஓட்டியைப்போல் இருந்தேன். பெடல் மேலே வரும்போதெல்லாம் தொடை வயிற்றில் இடித்தது, மூச்சு பாதியில் நின்றது, வாட் 15 குறைந்தது. காற்றில் மிச்சம் பிடித்ததை இடுப்பு மடிப்பில் கோட்டைவிட்டேன். பெடலைத் தாங்கும் கையான கிராங்கை 172.5 மில்லிமீட்டரிலிருந்து 165-க்கு மாற்றியபின், பெடல் உச்சியில் தொடைக்கு இடம் கிடைத்து, அதே தாழ்ந்த நிலை தாங்கக்கூடியதாயிற்று.

கேள்வி: போன ஆண்டு ஜூலையில் என் சொந்தச் சாதனையை 31 விநாடி முறியடித்தேன். இந்த ஆண்டு ஏப்ரலில் அதே பாதையில் 6 வாட் அதிகம் கொடுத்தும் அந்த நேரத்தை நெருங்க முடியவில்லை. என்னிடம் என்ன குறை?

பதில்: உங்களிடம் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. 10 டிகிரி குளிரில் இருக்கும் காற்றைவிட 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் காற்று ஏறத்தாழ 6.5 சதவீதம் அடர்த்தி குறைந்தது. முதல் பதிலில் வந்த அதே 250 வாட் ஓட்டிக்கு அந்த வேறுபாடு மட்டுமே 30 விநாடி தரும். காற்றழுத்தமும் அப்படித்தான், 1030 ஹெக்டோபாஸ்கல் உள்ள நாளுக்கும் 1000 உள்ள நாளுக்கும் அடர்த்தியில் 3 சதவீத வேறுபாடு உண்டு. உங்கள் ஜூலை நேரத்தில் எத்தனை விநாடி உங்களுடையது, எத்தனை விநாடி வானிலை கொடுத்த இனாம் என்று பிரித்துப் பார்க்காமல் அதைத் துரத்தினால், மே மாதம் முடிவதற்குள் மனம் வெறுத்துவிடும்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பெல்ஜியத்தின் சைக்கிள் மேதை எடி மெர்க்ஸே 1972-இல், ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டும் சாதனைக்காக, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே உள்ள மெக்சிகோ நகருக்குப் போய், மெல்லிய காற்றில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். பிரிட்டனில் பொழுதுபோக்கு ஓட்டிகள் வேகமான நேரத்துக்காகப் போக்குவரத்து மிகுந்த, இரு திசைக்கும் தனித்தனிச் சாலை உள்ள நெடுஞ்சாலைகளைத் தேடிப் போவது பல பத்தாண்டு வழக்கம். கடந்து செல்லும் வாகனங்கள் காற்றையும் முன்னோக்கி இழுத்துச் செல்வதால் அங்கே வேகம் தானாகக் கூடும். 25 மைலை 50 நிமிடத்துக்குள் முடித்த முதல் மனிதரான ஆல்ஃப் எங்கர்ஸ், 1978 ஆகஸ்டில் 49 நிமிடம் 24 விநாடியில் ஓட்டியதும் அத்தகைய நெடுஞ்சாலையில்தான். அத்தகைய சாலையில் கிடைத்த நேரத்தையும், மரங்கள் சூழ்ந்த அமைதியான சாலையில் கிடைத்த நேரத்தையும் ஒரே பட்டியலில் எழுதக்கூடாது என்பது என் பிடிவாதம். என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பாதைக்கும் தனிப் பக்கம் உண்டு. நேரத்துக்குப் பக்கத்தில் வெப்பநிலை, அழுத்தம், காற்றின் திசை, சராசரி வாட் ஆகிய நான்கும் இருக்கும். நேரம் மோசமாகவும் வாட் நன்றாகவும் உள்ள நாட்களை நான் சிவப்பு மையால் வட்டமிடுவதில்லை.

கேள்வி: முதல் 5 கிலோமீட்டர் பறக்கிறேன், அதன்பின் கால் செத்துவிடுகிறது. எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் இதுவே நடக்கிறது.

பதில்: புறப்படும்போது உடல் ஓய்ந்திருக்கிறது, படபடப்பும் இருக்கிறது. 330 வாட்டும் அந்த நேரத்தில் 230 போலத்தான் தெரியும். இதயத் துடிப்பைப் பார்த்து ஓட்டுகிறவர்கள் இன்னும் ஏமாறுகிறார்கள். முயற்சி கூடி ஓரிரு நிமிடம் கழித்தே துடிப்பு அதைக் காட்டும் என்பதால், திரையில் எண் சரியாகத் தெரியும் வேளையில் கடன் ஏறிவிட்டிருக்கும். ஆகவே முதல் இரண்டு நிமிடம் உங்கள் இலக்கு வாட்டைத் தாண்டவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் மிக எளிதாக இருக்கிறதே என்ற குற்ற உணர்வு வரவேண்டும்; வரவில்லையென்றால் நீங்கள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நான் திரையில் வேகத்தை மறைத்துவிட்டு, மூன்று விநாடிச் சராசரி வாட்டையும் கடந்த தூரத்தையும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். பின்காற்றில் வேகத்தைப் பார்த்தால் தலைக்கனம் வரும், எதிர்க்காற்றில் பார்த்தால் அழுகை வரும்.

சீராக ஓட்டுவது என்றால் கடைசிவரை ஒரே வாட் என்று பொருளல்ல. போகும்போது 45, திரும்பும்போது 35 என்று ஓட்டினால் சராசரி 40 ஆகாது, 39.4 தான் ஆகும். 10 மைலில் அது 23 விநாடி இழப்பு. மெதுவாகப் போகும் பகுதியில்தான் அதிக நேரம் கழிகிறது. அதனால் எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் சராசரியைவிட 4 அல்லது 5 சதவீதம் கூடுதலாகவும், பின்காற்றிலும் இறக்கத்திலும் அதே அளவு குறைவாகவும் கொடுப்பது இலாபம். பாதி தூரத்தில் திரும்பி வரும் பாதையில், திரும்பியபின் எதிர்க்காற்று என்றால், போகும்போது கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணம் செலவழிப்பதென்றால் எதை முதலில் வாங்குவது?

பதில்: உடலோடு ஒட்டும், எங்கும் படபடக்காத ஸ்கின்சூட். அடுத்து உருளல் தடை குறைந்த நல்ல டயர். டியூப் வைத்து ஓட்டுபவரானால் லேடெக்ஸ் டியூப். ஷூவின் மேல் உறை. செயினை மெழுகில் தோய்ப்பது. இவை அனைத்தும் முடிந்தபின் ஏரோ ஹெல்மெட். ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவர் முதுகோடு ஒட்டாமல் நிற்கும் என்பதால் அதை இரவல் வாங்கிச் சோதித்துவிட்டே வாங்குங்கள். ஆரக்கம்பிகள் இல்லாத, தட்டுப்போன்ற டிஸ்க் சக்கரம் கடைசி. அதன் ஓசை கம்பீரமானது என்பதை மறுக்கமாட்டேன்.

கேள்வி: வாரத்துக்கு 7 மணி நேரம்தான் கிடைக்கிறது. எதைச் செய்யலாம்?

பதில்: வாரத்துக்கு இரண்டு நாள் கடினமாக, மற்றவை எளிதாக. ஒரு நாள், ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்டில் 20 நிமிடம், 10 நிமிட ஓய்வு, மீண்டும் 20 நிமிடம். இன்னொரு நாள் அதற்கு மேலே, மூச்சு முட்டும் அளவில் 4 நிமிடமாக ஐந்து முறை. முதலாவதை ஏரோ பாரில் படுத்தபடியே செய்யவேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து 270 வாட் தருகிறவர் படுத்த நிலையில் 250 தருவது சாதாரணம்; அந்த இடைவெளியைக் குறைக்கப் படுத்து ஓட்டிப் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை. முக்கியமான போட்டிக்கு முந்தைய ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதியாக்குங்கள். கடினமான பகுதிகளைச் சுருக்கலாம், தீவிரத்தைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: காபி உதவுமா? எவ்வளவு சாப்பிடவேண்டும்?

பதில்: உதவும். உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீன், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன். பயிற்சியில் சோதித்துப் பார்க்காமல் போட்டியில் முயலாதீர்கள். 25 நிமிட ஓட்டத்துக்குத் தனியாக எதையும் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. 100 மைல் என்றால் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து வேண்டும்.

கேள்வி: நான் 52 கிலோ எடையுள்ள பெண். சமதளத்தில் டைம் ட்ரயல் என்பது உருவத்தில் பெரிய ஆண்களின் விளையாட்டு என்கிறார்கள். எனக்கு இதில் இடமுண்டா?

பதில்: சமதளத்தில் கிலோவுக்கு எத்தனை வாட் என்பது முக்கியமல்ல, சிடிஏவுக்கு எத்தனை வாட் என்பதே முக்கியம். பெரிய உடலுக்கு வாட் கூடும் அளவுக்கு முன்பரப்பு கூடுவதில்லை என்பதால் அவர்களுக்குச் சற்றே சாதகம் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் கைகளை நெருக்கி, தலையைத் தாழ்த்தினால் சிறிய உடல் 0.20-க்கும் கீழே இறங்கமுடியும்.

இதைச் சொல்லும்போது பிரிட்டனின் சைக்கிள் வீராங்கனை பெரில் பர்ட்டனைச் சொல்லாமல் இருக்கமுடியாது. 1967-இல் பிரிட்டனில் 12 மணி நேர டைம் ட்ரயலில் அவர் 277.25 மைல் ஓட்டினார். அதே பாதையில், அதே நாளில், ஆண்கள் பிரிவில் முதலிடம் பெற்ற மைக் மக்னமாரா ஓட்டியது 276.52 மைல், அதுவே ஆண்களுக்கான புதிய சாதனையாகவும் இருந்தது. அவரைக் கடந்து செல்லும்போது பர்ட்டன் தம் பையிலிருந்து ஒரு அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். பெண்கள் பிரிவில் அந்தத் தூரம் 2017 வரை, ஐம்பது ஆண்டுகள், முறியடிக்கப்படவில்லை.

கேள்வி: எனக்கு 54 வயது. சொந்தச் சாதனை என்பது இனி பழைய கதைதானா?

பதில்: 40 வயதில் நல்ல பாதையில், நல்ல நாளில் வைத்த நேரம் என்றால் கடினம்தான், உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு வயதோடு இறங்குவது பயிற்சியால் தாமதமாகுமே தவிர நிற்காது. ஆனால் 40 வயதில் இன்று இருக்கும் டயரும், இன்று உங்களுக்குத் தெரிந்த படுத்து ஓட்டும் நிலையும் இருந்தனவா? பலருக்கு ஐம்பதில் வாட் குறைந்து நேரமும் குறைந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். பிரிட்டனின் மூத்தோர் டைம் ட்ரயல் சங்கம் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு நிர்ணய நேரம் வைத்து, அதைவிட எவ்வளவு முன்னால் வந்தீர்கள் என்று கணக்கிடுகிறது. வயது ஏற ஏற நிர்ணய நேரம் தளரும். உங்கள் குறிப்பேட்டில் அந்த வித்தியாசத்துக்கு ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சின்னச் சந்தேகம். எண் எழுதிய துணியை முதுகில் எப்படிக் குத்துவது?

பதில்: இது சின்னச் சந்தேகமல்ல. நிமிர்ந்து நின்றபடி குத்தினால், படுக்கும்போது முதுகு நீண்டு ஊசிகள் துணியைக் கிழிக்கும், அல்லது நடுவில் துணி பைபோல் உப்பும். எனக்கு ஒருமுறை 25 மைல் முழுவதும் இடுப்புக்கு மேலே பாய்மரம் விரித்ததுபோல் அது அடித்துக்கொண்டே வந்தது. சைக்கிளில் ஏறி ஏரோ பாரில் படுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரைக் கொண்டு, துணியை முதலில் கசக்கி மென்மையாக்கி, நான்கு மூலைகளிலும் மேல் விளிம்பின் நடுவிலும் குத்தச் சொல்லுங்கள். காற்று நுழைவது மேல் விளிம்பில்தான்.