நண்பர்கள் உதவியோடு வீட்டிலேயே காரின் டர்போசார்ஜரை மாற்றிய அனுபவம் உண்டா? முடிகிற காரியமா அது?

முடியும். நான் மாற்றியிருக்கிறேன். 2023 ஆடி மாதம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்தில், குடியிருக்கும் வீட்டு வாசலில். கார் ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். இரண்டு சனி, ஞாயிறு ஆனது. நடுவில் ஐந்து நாள் மினிபஸ் டாக்ஸியில் இடிபட்டு வேலைக்குப் போனேன்.

கழற்றி மாட்டுவது எப்படி என்று சொல்லித்தர நிறைய வீடியோ இருக்கிறது. எனக்கு அதிக நேரம் பிடித்தது, பழைய டர்போ ஏன் போனது என்று தேடியதில்தான். அதனால் அதையே அதிகம் சொல்கிறேன்.

முதலில் ஊர்ப் பின்னணி. நான் கோயம்புத்தூர்க்காரன், துறைமுகம் சார்ந்த ஒரு வேலைக்காக இங்கே வந்தவன். ஒரு அங்கிள் வீட்டின் அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கிறேன். அவுட்பில்டிங் என்றால் பெரிய வீட்டை ஒட்டிக் கட்டிய சின்ன வீடு. இங்கே இந்தியர் பகுதிகளில் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கிள் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்செல்லாம் ஆங்கிலம். சாப்பாடு, சாமி, திட்டு மூன்றுக்கும் மட்டும் தமிழ் வரும். என்னைத் "தம்பி" என்பார்.

இந்த ஊர் இளைஞர்களுக்கு கோல்ஃப், போலோ மேல் இருக்கும் பைத்தியத்தை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். இந்த நாட்டில் டர்போவுக்குக் கூடுதல் மவுசு இருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். டர்போ காற்றை அழுத்தி ஊட்டுவதால் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். அங்கிருந்து கடற்கரைக்கு விற்பனைக்கு வரும் பழைய கார்களில் ஒன்றைத்தான் நானும் வாங்கினேன். சர்வீஸ் புத்தகத்தில் கடைசி மூன்று முத்திரைகளைக் காணோம். விலை குறைவாக இருந்ததால் நானும் கேட்கவில்லை.

நோய் இப்படித் தொடங்கியது: மேடு ஏறும்போது போலீஸ் சைரன் மாதிரி மெல்லிய ஊளை. பிறகு நீலப் புகை. பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் காணாமல் போனது.

உடனே டர்போதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எஞ்சினின் கீழ்ப்பகுதியில் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு கெட்டுப்போனாலும் உள்ளே அழுத்தம் ஏறி, டர்போவிலிருந்து ஆயில் கீழே வடிய முடியாமல் சீல் வழியாகக் கசியும். புகை அதே நீலம்தான். நல்ல டர்போவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு தலையில் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பிசிவியைப் பார்த்தோம், ஹோஸ்களில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தோம். கடைசியாக ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, உள்ளே கை விட்டு, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தை ஆட்டினோம். பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆட்டம் இருப்பது இயல்பு. ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றும் பொருள்தானே. முன்னும் பின்னும் ஆடக்கூடாது. என்னுடையது முன்னும் பின்னும் ஆடியது, சுற்றினால் கூட்டிலும் உரசியது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

வொர்க்‌ஷாப் ஒன்றில் விலை கேட்டேன். கேட்டுவிட்டு அமைதியாக வெளியே வந்தேன். பக்கத்துத் தெருவில் மூன்று பையன்கள், மூவரிடமும் இதே எஞ்சின் உள்ள கார். ஒருவனிடம் ஜாக்கி ஸ்டாண்டு, இன்னொருவனிடம் பன்னிரண்டு முனை ஸ்ப்லைன் சாக்கெட் செட். இந்தக் காரின் டிரைவ்ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு) போல்ட்டுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆலன் கீயைத் திணித்துச் சமாளிக்கப் பார்த்தால் போல்ட்டின் தலை வழித்துக்கொண்டு போய்விடும், அப்புறம் உளியோடு அழ வேண்டியதுதான். மூன்றாமவனிடம் கருவி எதுவும் இல்லை, ஆனால் போன வருடம் இதே வேலையைச் செய்த அனுபவம் இருந்தது. கருவிகளைவிட அதுதான் உதவியது.

சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும். அங்கிள் வீட்டில் சமதளம் என்று சொல்ல அவுட்பில்டிங் முன்னால் இருக்கும் சிமென்ட் தரை மட்டும்தான். காரை அங்கே நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஸ்டாண்டில் ஏற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக்கை அடுக்கியோ காருக்கு அடியில் படுக்காதீர்கள். அந்தக் கல் விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும்.

இந்த எஞ்சினில் டர்போ பின்பக்கம், எஞ்சினுக்கும், ஆள் உட்காரும் பகுதியைப் பிரிக்கும் தகட்டுச் சுவருக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. வலது டிரைவ்ஷாஃப்ட்டைக் கழற்றி, சைலன்சர் பைப்பைப் பிரித்து, கூலன்ட் வடித்து, ஆயில் போகும் பைப், வரும் பைப் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் கை போகும். எஞ்சின் புகையைச் சேர்த்துக் கொண்டுவரும் மேனிஃபோல்டும் டர்போவின் டர்பைன் கூடும் ஒரே வார்ப்பு, ஆகவே மொத்தமாகத்தான் வெளியே வரும். நட்டுகளுக்கு முந்தைய இரவே பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து ஊறவிட்டோம். அப்படியும் ஒரு ஸ்டட் (நட்டு மாட்டும் மரைக்கம்பி) முறிந்தது. மிச்சம் வெளியே தெரிந்தது அரை விரல் நகம் அளவுதான்.

அங்கிளிடம் வெல்டிங் மெஷின் இருந்தது. முறிந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டு செய்து, சூடு ஆறும் முன் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் வந்துவிடும் என்றார். பேட்டரி ஒயர்களைக் கழற்றி வைத்தோம். அப்படியே வெல்டு செய்தால் எலெக்ட்ரானிக் பெட்டிகள் போய்விடலாம். கிளாம்ப் மாட்டி, முகமூடி போட்டு, அங்கிள் கீழே குனிந்தார். கரண்ட் போனது. லோட் ஷெட்டிங். இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் எல்லோருக்கும் பீன்ஸ் பன்னி வந்தது. பன்னி என்றால் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது. ஆடி மாதம் அங்கிள் வீட்டில் கறி கிடையாது, அதனால் பீன்ஸ். சாப்பிட்டுக்கொண்டே அவர் மேகசின் பாரக்ஸைப் பற்றிச் சொன்னார். டர்பன் நகராட்சியில் வேலை செய்த இந்தியர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், குடியிருந்த இடம். 1960களில் நிறவெறிச் சட்டத்தின் கீழ் அங்கிருந்து குடும்பங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவர் அப்போது சின்னப் பையன். "வந்த அன்னிக்குத் தெருவில விளக்கே இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். கரண்ட் வந்தபோது வெளியே இருட்டிவிட்டது. ஜூலையில் இங்கே ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். டார்ச் வெளிச்சத்தில் வெல்டு செய்து திருப்பினார். இரண்டாம் முறையில் ஸ்டட் வந்தது.

ஞாயிறு காலை ரீகண்டிஷன் செய்த டர்போவை மாட்டத் தயாரானேன். பழையதைக் கொடுத்து மாற்றி வாங்கியது. சக்கரம் ஆட்டமில்லாமல் சுற்றுகிறதா என்று பேலன்ஸ் பார்த்த தாளோடு வந்திருந்தது. (விலை குறைவு என்று பெயர் தெரியாத புதியதை வாங்குவதைவிட, பேலன்ஸ் தாள் தரும் ரீகண்டிஷன் கடை மேல் என்பது என் கருத்து.) அங்கிள் வந்து பழைய ஆயில் பைப்பைக் கேட்டார். வைஸில் வைத்து ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். உள்ளே ஆயில் கருகிக் கரியாகப் படிந்து, ஓட்டை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"சம்பைக் கழற்று" என்றார். சம்ப் என்றால் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி.

எனக்குக் கோபமே வந்தது. புது ஆயில் பைப்தான் வாங்கியிருக்கிறோமே, போதாதா? திங்கட்கிழமை வேலைக்குப் போக கார் வேண்டும். பையன்களில் இரண்டு பேர் என் பக்கம். மூன்றாமவன், ஏற்கெனவே இந்த வேலையைச் செய்தவன், பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: அவன் காரில் சம்பைக் கழற்றாமல் மாட்டிய டர்போ நான்கு மாதத்தில் போனது, இப்போது ஓடுவது இரண்டாவது. முந்தைய நாள் முழுவதும் அதைச் சொல்லவில்லை பாருங்கள்!

அங்கிள் எனக்கு மட்டும் தமிழில் சொன்னார்: "தண்ணி வராத குழாய்க்குப் புது பக்கெட் வெச்சா தண்ணி வருமா தம்பி?"

கழற்றினோம். ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையில் பாதிக்கு மேல் கருப்புச் சேறு. ஆயில் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டியதன் மிச்சம். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் ஷாஃப்ட், ஆயில் படலம் ஒரு கணம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். முந்தைய சொந்தக்காரர் தொடங்கிவைத்ததை நான் முடித்திருக்கிறேன், அவ்வளவுதான். சேற்றையெல்லாம் கழுவி, சம்புக்குப் புது சீலன்ட் தடவி மாட்டினோம், அது இறுகக் காத்திருந்தோம். அதோடு ஞாயிறு போனது. அன்று மதியம் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். இங்கே அதற்குப் பெயர் பாரிட்ஜ் ப்ரேயர். அங்கிள் ஒரு வாளி நிறையக் கூழ் கொண்டுவந்தார். கிரீஸ் கையோடு குடித்தோம்.

அடுத்த சனிக்கிழமை மாட்டிய கதை சுருக்கமானதுதான். வாஷர், கேஸ்கெட், நட்டு, ஆயில் பைப் எல்லாம் புதிது. சம்புக்குத்தான் சீலன்ட், டர்போவின் ஆயில் பைப் சேரும் இடத்தில் அதைத் தடவவே கூடாது, பிதுங்கி உள்ளே போய் ஓட்டையை அடைத்துவிடும். டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைக் கழற்றி, தேங்கிய பழைய ஆயிலை வடித்தோம். புது டர்போவின் ஆயில் துளையில் சிரிஞ்சால் ஆயில் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினோம். ஃப்யூல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் பற்றாமல் நாலைந்து முறை கிராங்க் செய்து, ஆயில் மேலே ஏறிய பிறகுதான் ஸ்டார்ட் செய்தோம். ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை.

ஸ்டார்ட் ஆனதும் தெரு முழுக்க வெள்ளைப் புகை. சைலன்சருக்குள் தங்கிய பழைய ஆயில் எரிகிறது என்று தெரிந்திருந்தும் வயிற்றைக் கலக்கியது. எதிர்வீட்டு ஆண்ட்டி கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார், போகிற போக்கில் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் புகை நின்றது.

மாலையில் அங்கிளை முன் சீட்டில் உட்கார வைத்து, பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஓட்டினேன். ஊளை இல்லை, புகை இல்லை. மேலே க்ளூஃபில் நிறுத்தி, எஞ்சினை அணைக்கச் சாவிக்குக் கை கொண்டுபோனேன். அங்கிள் என் கையைத் தட்டிவிட்டார். சூடான டர்போவில் ஆயில் ஓடாமல் நின்றால் கருகிவிடுமே என்ற பயம் அவருக்கு. இந்தக் காரில் அணைத்த பிறகும் டர்போவுக்குத் தண்ணீரைச் சுற்றவைக்கும் சின்னப் பம்ப் ஒன்று இருக்கிறது, பரவாயில்லை என்றேன்.

"அது தண்ணிக்கு. ஆயிலுக்கு?" என்று கேட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.