2045-ஐ நம்பிச் சேமிப்பை நிறுத்தலாமா?

கேள்வி: 2045-இல் இயந்திர அறிவு மனித அறிவை விஞ்சிவிடும், அதன்பின் மரணமே இராது என்று என் தம்பி உறுதியாக நம்புகிறான். ஓய்வுக்காலச் சேமிப்பை நிறுத்திவிட்டான். பின்னாளில் உயிர்ப்பிக்கலாம் என்று சொல்லி, இறந்தபின் உடலை உறையவைக்கும் நிறுவனம் ஒன்றில், முகவர் ஒருவர் மூலம் பணம் கட்டப்போகிறான். இது அறிவியலா, புதிய மதமா?

பதில்: மதத்தின் சாயல் இதில் உண்டு. இறுதிநாள், உடலைத் துறந்த நித்திய வாழ்வு, முன்கூட்டியே அறிந்துகொண்ட சிலர் ஆகிய மூன்றுமே சிங்குலாரிட்டி, அதாவது இயந்திர அறிவு மனித அறிவை விஞ்சும் அந்தத் தருணம், பற்றிய பேச்சில் இருக்கின்றன. ஆனால் சாயலை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது; குறித்த நாள் பொய்த்தால் நம்புகிறவர் என்ன செய்கிறார் என்பதே உரைகல். 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அமெரிக்காவில் காத்திருந்த போதகர் வில்லியம் மில்லரின் அடியார்களில் ஒரு பிரிவினர், அந்த நாள் வெறுமனே கழிந்ததும், நிகழ்வு விண்ணுலகில் நடந்துவிட்டது என்று விளக்கம் கூறினர்.

இங்கே ஒரு விலக்கை அழுத்திச் சொல்லவேண்டும். தான் தவறக்கூடிய எல்லையைத் தானே எழுதிவைப்பவரை மதவாதி என்று ஒதுக்கக் கூடாது. சிங்குலாரிட்டி என்ற சொல்லைப் பரவலாக்கிய அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் வெர்னர் விஞ்சி (Vernor Vinge), 2005-க்கு முன்போ 2030-க்குப் பின்போ அது நிகழ்ந்தால் தமக்கு வியப்பாக இருக்கும் என்று 1993-இலேயே எழுதினார். அது சரியா தவறா என்பது வேறு. சரிபார்க்கக்கூடிய கணிப்பு அது. 2045 என்ற ஆண்டை 2005-இல் தம் நூலில் முன்வைத்த அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைலும் ஆண்டைக் குறித்தே பேசினார் என்பதால், அவரையும் இதே தராசில்தான் நிறுக்கவேண்டும். ஆகவே தம்பியிடம், 'எது நடக்காவிட்டால் உன் கருத்தை மாற்றிக்கொள்வாய்?' என்று கேளுங்கள். விடை கிடைத்தால் அவர் கையில் இருப்பது கணிப்பு; கிடைக்காவிட்டால் நம்பிக்கை. (முடிவில்லாமல் வாழப்போகிறவருக்குச் சேமிப்பு கூடுதலாகவே தேவைப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.)

என் உண்மையான கவலை அந்த முகவரைப் பற்றியது. நம்பிக்கை இருக்கும் இடமெல்லாம் தரகர் முளைப்பார். கடைசி வாய்ப்பு, விலை உயரப்போகிறது என்று அவசரப்படுத்துவதே அவர் தொழில். உறையவைத்த மனிதர் ஒருவர்கூட இதுவரை உயிர்த்தெழுந்ததில்லை. உடலைச் சுமார் மைனஸ் 196 பாகை செல்சியஸ் திரவ நைட்ரஜனில் வைத்திருக்கப் பணம் ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும்; கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் அந்தப் பணம் நின்றதால், உறையவைத்த உடல்கள் உருகி அழிந்தது 1979-இல் வெளிப்பட்டது. இத்தகைய வாக்குறுதியைத் தட்டிக்கேட்கப் பொறுப்பானவர் எவர் என்று தேடினால், மத ஆய்வுத் துறையினர் கணினியைக் காட்டுவர், கணினித் துறையினர் நம்பிக்கையைக் காட்டுவர். இது அறிவியலா மதமா என்று வரையறுப்பதற்கான குழுக்கள் மட்டும் கூடிக் கலைந்துகொண்டிருக்கும்.

ஆகவே கையெழுத்திடும் முன், நிறுவனம் மூடப்பட்டால் உடலை யார் பொறுப்பேற்பார், அதற்கான நிதி எந்த அறக்கட்டளையில் தனியாக வைக்கப்பட்டுள்ளது, முகவருக்குத் தரகு எவ்வளவு என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், பணம் கட்டவேண்டாம். நிறுத்திய சேமிப்பை இந்த மாதமே மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள்.