புதுக் கங்காணியை ஆட்கள் நம்ப என்ன செய்யவேண்டும்?

நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாகப் புதிதாகச் சேர்ந்து, ஆட்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, அது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துப் பேச்சில் வராது, தராசடியில்தான் வரும். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை அதைப் பறித்த அக்காவும் பார்க்கட்டும். ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் கண்முன்னே எழுதுங்கள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆன பிறகும், குறித்த கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்ற சண்டை பல தோட்டங்களில் வந்தது. ஒரு கிலோ அவ்வளவு பெரிய விஷயம்.

நான் ஒருமுறை கழிவைப் பிழையாகப் போட்டுவிட்டேன். மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லித் திருத்தினேன். அதற்குப் பிறகுதான் குறைகளை என்னிடமே நேரில் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆட்களுக்காகத் துரையிடம், அதாவது தோட்ட மேலாளரிடம், கேட்பதாகச் சொன்னால் கேளுங்கள். பதில் "முடியாது" என்றாலும் அன்றைக்கே வந்து சொல்லிவிடுங்கள்.