சுவரில் தெரிந்த வெளி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் அரூப ஓவியக் கண்காட்சி ஒன்று பார்த்தேன். கண்ணை மூடினால் உள்ளே தெரியும் விண்வெளியைத்தான் வரைவதாக ஓவியர் சொன்னார். எல்லாமே திட்டுத்திட்டாக அப்பிய கறுப்பு, நீலம். குழந்தைகூட இப்படிச் செய்யும் என்றார் உடன்வந்த நண்பர். இவற்றுக்கு என்ன அர்த்தம்? போனில் எடுத்த நான்கு படங்களை இணைத்துள்ளேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குழந்தைக் கதையை விடுங்கள். 1969ல், காந்தி நூற்றாண்டின்போது, அவரைக் கோடுகளாலேயே வரைந்து காட்டிய ஓவியர் ஆதிமூலம்தான் பிறகு உருவமே இல்லாத வண்ணப்பரப்புகளுக்குப் போனார். வரையத் தெரியாமலா போனார்?

என் கோபமெல்லாம் உங்கள் போன்மேல்தான். நான்கு படத்திலும் நட்டநடுவில் ஃபிளாஷ். நேரெதிரே வெளிச்சம் அடித்தால் மேடுபள்ளத்தின் நிழல் செத்துப்போகும். நிழல் போனபின் அந்த ஓவியத்தில் என்ன மிச்சம்? உங்கள் கடிதம் வந்த மறுநாளே போய்ப் பார்த்தேன். பக்கவாட்டில், சுவரோடு கன்னம் ஒட்டுகிற மாதிரி நின்றேன். கத்தியால் இழுத்த சாயம் முடிகிற இடத்தில் வரப்புபோல ஒரு விளிம்பு எழும்பி நிற்கிறது. அதன் கீழே, முன்பு பூசிய காவி நூலளவுக்கு எட்டிப்பார்க்கிறது. அதற்கும் கீழே மணல். நீங்கள் வெறும் கறுப்பு என்று எழுதிய படம் இது! காசா பணமா, இரண்டடி நகர்ந்து நின்றிருக்கலாமே ஐயா.

எட்டு வயதில் எனக்கு அம்மை போட்டது. திருவல்லிக்கேணியில் ஒட்டுக்குடித்தனம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை சுவரோரம் படுக்கை. ஓதம் ஏறி, பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு பொருக்காகப் பெயர்ந்திருக்கும். வெள்ளைக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் பச்சை, கடைசியில் செங்கல். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால் ஒவ்வொரு பொருக்குக்கும் ஒரு நிழல் முளைக்கும். கண்ணை மூடி விரல்முட்டியால் அழுத்துவேன். புள்ளிபுள்ளியாக ஒளி பறக்கும். அழுத்தத்தையும் விழித்திரை ஒளியென்றே மூளைக்குச் சொல்லும் என்பதைப் பின்னாளில் படித்தேன். அன்றைக்கு அது வானம். கண்ணைத் திறந்தால் அதே வானம் சுவரில். ஆகாயமும் வெளி, வாசலுக்கு அப்பாலும் வெளி. உள்ளே தெரிவதற்கும் நம்மிடம் அந்தச் சொல்தான். உடம்பைச் சொறியாதே என்று பாட்டி கையைத் தட்டுவாள். நான் சுவரைச் சுரண்டுவேன். நகக்கண்ணெல்லாம் நீலச் சுண்ணாம்பு.

ஓவியத்தில் அந்தக் காவியைப் பார்த்ததும் விரல்நுனி கூசியது. தொடவில்லை.

ஞாயிறுவரை கண்காட்சி இருக்கிறது. தனியாகப் போங்கள். வாசலிலிருந்து மூன்றாவது படம், இடப்பக்கமாக நில்லுங்கள். போன் பையிலேயே இருக்கட்டும்.